அறுந்த பியானோ கம்பிக்கு முடிச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. சென்னையில் கடலை ஒட்டிய பேட்டைகளில்தான் பாதி நாள் போகும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது போனில் ஒரு பதற்றக் குரல் வரும்: "சார், டப்புனு ஒரு சத்தம். கம்பி அறுந்து தொங்குது. முடிச்சு போட்டுத் தர முடியுமா, இல்ல மொத்தமா மாத்தணுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுச் சேர்க்க முடியுமா? அது ஒப்பேற்றுகிற வேலைதானே?

முடியும். ஒப்பேற்றுகிற வேலையும் இல்லை. உலகம் முழுக்கப் பியானோ வேலை செய்கிறவர்கள் கற்றுக்கொள்ளும் முறையான வேலை இது. "ட்யூனர் முடிச்சு" என்று அதற்குப் பெயரே உண்டு. நல்ல இசைக்கூடங்களில் உள்ள பியானோவிலும் மேல் மூடியைத் திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு கம்பிகளில் கொட்டைப்பாக்கைவிடச் சிறிய முடிச்சுகள் தென்படலாம். வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

சொல்லப்போனால், செம்பு சுற்றிய அடிக்கம்பி (இடது கோடியில் கனத்த, தாழ்ந்த சுரங்களுக்கான கம்பி) அறுந்தால் புதுக் கம்பியைவிட முடிச்சுப் போட்ட பழைய கம்பிதான் பல நேரம் நன்றாக இருக்கும். 40, 50 வருடம் பக்கத்துக் கம்பிகளோடு சேர்ந்து கிழமான கம்பி அது. அதன் குரல் அவற்றோடு ஒத்துப்போகும். பளபளவென்று புதுக் கம்பி ஒன்றை நடுவில் போட்டால் அந்த ஒரு சுரம் மட்டும் கணீரென்று தனியாகக் கேட்கும். கிழவர்கள் பஜனையில் ஒரு பையன் குரல் கலந்தது போல.

ஆனால் எல்லா அறுந்த கம்பிக்கும் இது பொருந்தாது. போனில் நான் முதலில் கேட்பது "எந்தக் கம்பி?" என்றல்ல, "எந்த இடத்தில் அறுந்தது?" என்றுதான்.

எந்த இடத்தில் அறுந்தால் முடிச்சு போடலாம்?

வீணையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தந்தியின் ஒரு முனை பிரடையில் சுற்றியிருக்கும், மறு முனை நாகபாசத்தில் கட்டியிருக்கும். ஆனால் நாம் மீட்டும்போது பாடுவது அந்த முழு நீளமும் அல்ல. மேருவுக்கும் குதிரைக்கும் நடுவில் உள்ள பகுதிதான் பாடுகிறது. இரண்டு பக்கமும் மிச்சம் இருப்பது வெறும் இழுவைக்காக.

பியானோவும் அப்படியே. கம்பியின் மேல் முனை ட்யூனிங் பின் என்கிற எஃகு ஆணியில் மூன்று சுற்று சுற்றியிருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் வந்து, அக்ராஃப் என்கிற பித்தளைத் துளை வழியாகவோ ஒரு இரும்புப் பட்டைக்கு அடியிலோ நுழையும். அதற்குப் பிறகுதான் ஒலிக்கும் நீளம் தொடங்குகிறது. ஒலிப்பலகையின் மேல் ஒட்டியிருக்கும் மரப்பாலம்தான் இங்கே குதிரை. அதைத் தாண்டி, கம்பியின் கடைசிக் கண்ணி இரும்புச் சட்டத்தில் உள்ள ஒரு குட்டி ஆணியில் மாட்டியிருக்கும்.

முடிச்சு விழ வேண்டியது ட்யூனிங் பின்னுக்கும் அக்ராஃபுக்கும் நடுவில் உள்ள ஊமைப் பகுதியில். நல்லவேளையாக, அடிக்கம்பிகளில் பல ட்யூனிங் பின்னின் கண்ணில் நுழைந்து மடிகிற இடத்தில்தான் அறும். அப்படியென்றால் பழைய கம்பி அக்ராஃபைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்து முடிய இடம் இருக்கும். முகம் மலர்ந்துவிடும் எனக்கு.

அக்ராஃபின் வாயிலேயே ஒட்ட அறுந்திருந்தால் சிக்கல். மேலே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் மிச்சமில்லை. முடிச்சு ஒலிக்கும் நீளத்துக்குள்தான் விழும். செம்புச் சுற்று தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் வெற்றுக் கம்பி இருந்தால் அங்கே போடுகிறவர்கள் உண்டு. அடிமட்டச் சுரங்களில் அதன் ஒலி காதுக்குச் சகிக்கிறபடி இருக்கவும் செய்யும், ஏனென்றால் கம்பியின் ஓரத்தில் அசைவு மிகக் குறைவு. நான் அதைப் புதுக் கம்பி வந்து சேரும் வரைக்கான ஏற்பாடாகத்தான் செய்வேன். வீட்டுக்காரரிடமும் அப்படியே சொல்லிவிடுவேன்.

கீழே, கண்ணி மாட்டும் ஆணியில் அறுந்தாலும் அதே தத்துவம்தான். பாலத்துக்கும் ஆணிக்கும் நடுவில் இடம் இருந்தால் புதுக் கண்ணி போட்ட ஒரு துண்டை அங்கே முடிந்துவிடலாம். செம்புச் சுற்றின் நடுவில் அறுந்தால் கதை முடிந்தது. சுற்று அவிழ்ந்துவிட்டால் அதை எந்த மந்திரமும் மீட்காது.

கம்பி ஏன் அறுகிறது? நாங்கள் ஓங்கி அடிக்கவில்லையே?

இந்த ஊரில் முதல் குற்றவாளி துரு. உப்புக் காற்று, மழைக்கால ஈரம், சன்னலோரம் வைத்த பியானோ. இரண்டாவது, கம்பி மடிகிற இடங்களில் பல வருடமாகச் சேர்ந்த உலோகச் சோர்வு. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடித்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதே, அதேதான். இங்கே மடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் லட்சக்கணக்கான முறை நடக்கிறது.

மூன்றாவது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், எங்களைப் போன்றவர்கள். பத்து வருடம் தொடாமல் கிடந்து சுருதி அரைச் சுரம் இறங்கிப்போன பியானோவை ஒரே மூச்சில் மேலே இழுத்தால் கம்பி அறும். துருப்பிடித்த கம்பி அக்ராஃபோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னைத் திருப்பும்போது கிடைக்கிற இழுவை முழுவதும் மேலே உள்ள சின்னத் துண்டின் தலையிலேயே ஏறும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஏற்றுவதற்கு முன் முதலில் ஒரு நூல் இறக்குவார்கள். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். துருப் பிடிப்பு விட்டது என்று அர்த்தம். அந்த "டிக்" கேட்காமல் நான் ஏற்ற மாட்டேன்.

ஒரு கம்பியில் எவ்வளவு இழுவை இருக்கிறது? அதை ஒரு முடிச்சு தாங்குமா?

ஒவ்வொரு கம்பியிலும் சுமாராக 70 முதல் 90 கிலோ எடை தொங்குகிற அளவு இழுவை. அதாவது வளர்ந்த ஆள் ஒருவர் அந்த ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 கம்பிகள். அடியில் கட்டைக்கு ஒன்று, பிறகு இரண்டு, நடுவிலிருந்து மேலே மூன்று மூன்று. மொத்தத்தையும் கூட்டினால் 16 முதல் 20 டன் வரை வரும். அதனால்தான் உள்ளே அவ்வளவு பெரிய வார்ப்பிரும்புச் சட்டம். அதனால்தான் பியானோவைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருக்கிறது.

இந்த இழுவையைத் தாங்குகிற கம்பி சாதாரணக் கம்பி அல்ல. கரி அதிகம் சேர்த்த எஃகை ஒரு குறிப்பிட்ட முறையில் சூடாக்கி ஆற்றி, பிறகு சூடில்லாமல் ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியாக இழுத்து மெலிய வைத்தது. அந்தச் சூட்டு முறைக்கு 1854-இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் காப்புரிமை வாங்கினார். அதனாலேயே அந்த முறைக்கு இன்றைக்கும் தொழிற்சாலைகளில் "பேட்டன்டிங்" என்று பெயர். அவருடைய வெப்ஸ்டர் அண்ட் ஹார்ஸ்ஃபால் கம்பெனிக் கம்பிதான் 1866-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட கேபிளுக்கும் கவசமாகப் போனது. தமிழில் தந்தி என்றால் வீணையில் இருப்பதும் தபாலாபீசில் வந்ததும் இரண்டும்தான். இந்த ஒரு கம்பி இரண்டுக்குமே உழைத்திருக்கிறது.

முடிச்சு தாங்குமா என்றால், நூலில் போடுகிற முடிச்சை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்கும்போது நூலுக்கு நூல் உரசிப் பிடித்துக்கொள்வதால் முடிச்சு நிற்கிறது. எஃகுக் கம்பி வழுக்கும், உரசிப் பிடிக்காது. இங்கே முடிச்சு நிற்பது உருவத்தால். மடிக்க மடிக்க அந்த மடிப்பிலேயே நிலைத்துவிடுகிற உலோகம் அது. இரண்டு கொக்கிகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, ஒவ்வொன்றின் வாலையும் மற்றதன் கழுத்தில் சிக்கவைத்து விட்டால், இழுக்க இழுக்க இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். கம்பியில் முடிச்சு "போடுவது" இல்லை, வளைத்துச் "செய்வது". முடியத் தெரிந்தவர்களைவிட நகை வேலை தெரிந்த ஆசாரிக்கு இது சீக்கிரம் கைவரும் என்று தோன்றும் எனக்கு.

அந்த முடிச்சை எப்படித்தான் செய்கிறீர்கள்?

முதலில் பழைய கம்பியின் மையக் கம்பியை, அதாவது செம்புச் சுற்றுக்கு உள்ளே இருக்கும் எஃகை, மைக்ரோமீட்டரில் அளக்கிறேன். பியானோ கம்பிகளுக்கு எண் உண்டு. 13-ஆம் எண் என்றால் ஏறத்தாழ 0.78 மில்லிமீட்டர், ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 0.05 மில்லிமீட்டர் கூடும். அதே தடிமனில் புதுக் கம்பி ஒரு முழம் வெட்டிக்கொள்கிறேன். தடிமன் குறைந்தால் முடிச்சில் அது அறும். கூடினால் பழையதை அது அறுக்கும்.

பழைய கம்பி முனையில் துருவைச் சுரண்டி, கோணலை நிமிர்த்தி, வட்டமூக்குக் குறடால் ஒரு சின்ன வளையம் வளைக்கிறேன். உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி போதும். கூர்மையான மூக்குக் குறடு கூடாது. அது கம்பியில் பல் பதிக்கும், பல் பதிந்த இடம் நாளைக்கு அறும் இடம்.

புதுக் கம்பியின் நுனி அந்த வளையத்துக்குள் நுழைகிறது, வளையத்தின் இரண்டு கால்களையும் பின்புறமாகச் சுற்றுகிறது, நுழைந்த வழியாகவே திரும்ப வெளியே வருகிறது. சாரணர் இயக்கத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்: ரீஃப் நாட் குடும்பம்தான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இதில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. சிலர் வாலைக் கழுத்துக்குக் குறுக்கே விட்டு வெளியே நீட்டவைப்பார்கள், பிடிப்பு கூடும். எனக்குக் கற்றுத்தந்தவர் அப்படித்தான் செய்வார், நானும் அப்படியே.

இப்போது இரண்டு குறடுகளால் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறேன். இந்த நிலையில் முடிச்சு இன்னும் தளர்வாக, கம்மல் போலத் தொங்கும். வாலை ஒரு சென்டிமீட்டர் விட்டே வைத்திருக்கிறேன். ஒரு தடவை அவசரத்தில் வாலை முதலிலேயே ஒட்ட வெட்டிவிட்டேன். சுருதிக்கு இன்னும் ஒரு கால் சுற்றுதான் பாக்கி. வால் வழுக்கி உள்ளே போனது. டப். கம்பி என் மூக்குக் கண்ணாடியில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனது. அந்தக் கண்ணாடியை இன்னும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பிறகு செம்புக் கம்பியின் கீழ்க் கண்ணியை ஆணியிலிருந்து கழற்றி, செம்பு சுற்றியிருக்கும் திசையிலேயே அரைச் சுற்றோ ஒரு சுற்றோ முறுக்கி மறுபடி மாட்டுகிறேன். இது முக்கியம். அறுந்தபோது முறுக்கு விட்டுப்போயிருக்கும். திரும்ப ஏற்றாவிட்டால் செம்புச் சுற்று தளர்ந்து, சுரம் மரக்கட்டையைத் தட்டியது போல வரும்.

கடைசியாகப் பின்னில் மூன்று சுற்று, நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். பிறகு மெதுவாக ஏற்றம். பாதி இழுவையில் நிறுத்தி முடிச்சைப் பார்ப்பேன். இப்போது அது கம்மல் இல்லை, கடுகு போல இறுகியிருக்கும். வாலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுகிறேன்.

முடிச்சு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

இந்த வேலையில் சோறு இங்கேதான் வேகிறது. ஏற்ற ஏற்ற முடிச்சு பின்னை நோக்கி நகரும். பின்னின் சுற்றுக்குள் அது ஏறிவிட்டால் முறிந்துபோகும்.

நகர்வதற்குக் காரணம் இரண்டு. எஃகும் நீளும் என்பது ஒன்று. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் 80 கிலோ இழுவை வைத்தால் மீட்டருக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். பெரிய கிராண்ட் பியானோவின் அடிக்கம்பி என்றால் அதற்குத் தகுந்தபடி கூடும். இன்னொன்று, முடிச்சு இறுகும்போது அதற்குள் சுருண்டிருக்கும் கம்பி வெளியே வரும். இதுவும் சில மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அக்ராஃபுக்குப் பக்கமாகத் தொடங்கினால் இறுகியபின் நடுவில் வந்து நிற்கும். ஆனால் ரொம்பவும் பக்கத்தில் தொடங்கினால் அக்ராஃபின் துளையில் முட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் தொல்லை.

பின்னுக்கு அப்பால் எவ்வளவு கம்பி விட வேண்டும் என்பது சின்னக் கணக்கு. பின்னின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 22 மில்லிமீட்டர், மூன்று சுற்றுக்கு 66. கண்ணில் நுழைய ஒரு 5. ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே விட்டு வெட்டினால் சரியாக மூன்று சுற்று வரும்.

நடுவிலும் மேலேயும் உள்ள வெற்றுக் கம்பி அறுந்தாலும் இதே வேலையா?

பெரும்பாலும் இல்லை. செம்பு சுற்றாத வெற்று எஃகுக் கம்பியைச் சுருளாக வாங்கி வைத்திருப்போம். ஜெர்மனியின் ரோஸ்லாவ், அமெரிக்காவின் மேப்ஸ், ஜப்பானின் சுசுகி என்று பேர்போன தயாரிப்புகள் உண்டு. வெட்டி மாட்டினால் முடிந்தது, முடிச்சுக்கு மெனக்கெட வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. பல பியானோக்களில் இந்த வெற்றுக் கம்பி ஒரு பின்னில் தொடங்கிக் கீழே ஆணியைச் சுற்றித் திரும்பி மேலே அடுத்த பின்னில் முடியும். ஒரே கம்பி, இரண்டு தந்தியாக வேலை செய்கிறது. அதில் ஒரு பக்கம் அறுந்தால் இரண்டுமே போய்விடும். ஆபத்துக்கு, அவசரத்துக்கு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் முடிச்சுப் போட்டால் இரண்டு தந்தியும் ஒரே நேரத்தில் பிழைக்கும். நாளைக்குக் கச்சேரி என்றால் நானும் செய்வேன். புதுக் கம்பி அன்றைக்கு மாலைக்குள் சுருதி இறங்கும், முடிச்சுப் போட்ட பழையது அவ்வளவு இறங்காது.

முடிச்சுக்குப் பதில் பற்றவைத்தால் என்ன?

கூடாது. இந்தக் கம்பியின் வலுவே அது இழுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடம் இளகி, சாதாரண இரும்பாகிவிடும். ஈயப் பற்று 80 கிலோவை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பசை பற்றிக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

கிட்டார் கம்பி, வீணைக் கம்பி எதையாவது போட்டு ஓட்டலாமா?

பியானோவின் மிக மெல்லிய கம்பியே முக்கால் மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். எலக்ட்ரிக் கிட்டாரின் முதல் தந்தி கால் மில்லிமீட்டர். கட்டையை அழுத்தும்போது கம்பியில் அடிக்கிற சுத்தியல் ஒரு தடவை பட்டால் போதும், அறுந்துவிடும். இரும்புக் கடைக் கட்டுக்கம்பி பற்றிப் பேசவே வேண்டாம். அது ஏறவே ஏறாது, நீண்டுகொண்டே போகும்.

முடிச்சுப் போட்டபிறகு ஒலி மாறுமா?

ஊமைப் பகுதியில் விழுந்த முடிச்சால் மாறாது. மாறினால் வேறு எங்கோ தப்பு நடந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தேவாலயத்தில் அடிக்கம்பி ஒன்றை முடிந்துவிட்டு வந்தேன். மறுநாள் பாடகர் குழுத் தலைவர் போன் செய்து, "தம்பி, எஃப் கட்டையைத் தொட்டா உள்ள வண்டு ரீங்காரம் பண்ணுது" என்றார். நான் முடிந்தது எஃப் கம்பியே இல்லை, அதற்கு அடுத்தது. போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். என் முடிச்சின் வால் திரும்பி, பக்கத்து எஃப் கம்பிக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. எஃப் ஒலிக்கும்போதெல்லாம் அதை உரசியிருக்கிறது. குறடால் வாலை அந்தப் பக்கம் திருப்பினேன், வண்டு பறந்தது. அன்றிலிருந்து முடிச்சுப் போட்டபின் அந்தக் கட்டையை மட்டுமல்ல, இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டைகளைப் பலமாக அடித்துக் கேட்காமல் மூடியைச் சாத்துவதில்லை.

ஊமைப் பகுதியில் கம்பிகளுக்கு நடுவே கம்பளித் துணி நெய்து வைத்திருப்பார்கள். முடிச்சு அதன்மேல் படாமல் இருப்பதும் நல்லது. பட்டால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சுருதி சேர்க்கும்போது கம்பி வழுவழுவென்று நகராது.

சுருதி நிற்குமா? எத்தனை நாள் தாங்கும்?

முதல் வாரம் இறங்கும். முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, புதுத் துண்டும் நீள்கிறது. அதனால் முதல் நாள் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு வருவேன். நீங்கள் வாசித்தால் அந்தச் சுரம் சற்றுக் கூர்மையாகக் கேட்கும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை வந்து தொட்டுவிட்டால் நின்றுவிடும். முற்றிலும் புதுக் கம்பி போட்டிருந்தால் இதைவிட அதிகத் தடவை வர வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே முழு நீளமும் புதுசு.

ஒழுங்காகச் செய்த முடிச்சு முதல் நாள் அறவில்லை என்றால் பல வருடம் போகும். நான் முடிந்தவற்றில் சில, 15 வருடத்துக்கும் மேலாக இருக்கின்றன. அறுந்தவையும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் முடிச்சு அறவில்லை, பக்கத்திலேயே துருப்பிடித்த வேறொரு இடம் விட்டுப்போனது.

ஒன்று அறுந்தால் மற்றவையும் வரிசையாக அறுமா?

ஒன்று அறுந்தால் அது விபத்து. ஒரே வருடத்தில் மூன்று நான்கு அறுந்தால் கம்பிகளுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். அப்போது ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருப்பது கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுகிற கதை. அடிக்கம்பி மொத்த செட்டையும் மாற்றிவிடச் சொல்வேன். செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை.

நானே செய்து பார்க்கலாமா?

கைத்திறமை உள்ளவர் என்றால் முடிச்சை மட்டும் செய்து பழகலாம். ஒரு மீட்டர் பியானோ கம்பி வாங்கி, இரண்டாக வெட்டி, மேஜை மீது உட்கார்ந்து முடிந்து முடிந்து பார்க்கலாம். முதல் பத்து முடிச்சும் கோணலாகத்தான் வரும். எனக்கு முதல் இருபது.

பியானோவில் ஏற்றுவதை விட்டுவிடுங்கள். பின்னைத் திருப்பும் சாவி சரியான அளவில் இல்லாமல் ஸ்பேனரால் திருப்பினால் பின் பதிந்திருக்கும் மரம் தளரும். அந்த மரத்தைச் சரிசெய்வது கம்பி மாற்றுவதைவிடப் பத்து மடங்கு வேலை. அதற்கும் மேல், கண். இழுவையில் அறும் கம்பி வருவதைக் கண்ணால் பார்க்க முடியாது. குனிந்து பார்க்கும் எவரும் கண்ணாடி இல்லாமல் குனியக் கூடாது. குழந்தைகளை அந்த அறையிலேயே விடக்கூடாது.

ஆள் வரும்வரை என்ன செய்வது? வாசிக்கலாமா?

மூன்று கம்பி உள்ள கட்டையில் ஒன்று போனால் தாராளமாக வாசிக்கலாம். பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஒற்றைக் கம்பி உள்ள அடிக்கட்டை என்றால் அந்தக் கட்டையை மட்டும் தொடாதீர்கள். எதிரே கம்பி இல்லாமல் சுத்தியல் வெற்றிடத்தில் பாயும், தண்டு ஒடியலாம்.

தொங்கும் கம்பி மற்றவற்றின்மேல் கிடந்தால் சலசலக்கும். முடிந்தால் அதை ஒரு நூலால் ஓரமாகக் கட்டிவையுங்கள். மடக்காதீர்கள், முறுக்காதீர்கள். உருவி எடுக்கவும் வேண்டாம். சிலர் நல்லெண்ணத்தில் தொங்குவதைக் கட்டிங் பிளேயரால் அழகாக ஒட்ட வெட்டிவைத்திருப்பார்கள். நான் முடிச்சுப் போட நம்பியிருந்த அந்த நான்கு அங்குலம் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

முடிச்சுப் போட முடியாமல் கம்பியை மாற்றினால், பழைய கம்பியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். செம்பு சுற்றிய கம்பி ஒவ்வொரு பியானோவுக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் தனி அளவு. கடையில் எடுத்து மாட்டக்கூடிய பொருள் இல்லை. பழையதை மாதிரியாக அனுப்பி, மையக் கம்பியின் தடிமன், செம்பின் தடிமன், சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது எல்லாம் அளந்து புதிதாகச் சுற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். வந்தது சரியில்லை என்றால் மறுபடி அளக்க உங்களிடம் பழையது இருக்க வேண்டும். பெரிய வளையமாகச் சுருட்டி, நூலால் கட்டி, இடது கோடியிலிருந்து எண்ணி எத்தனையாவது கட்டை என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து, பியானோவின் கீழ்ப் பலகைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். எலி கம்பளியைத்தான் தின்னும், கம்பியைத் தின்னாது.